ஏற்றம் இல்லாத வழி

எங்கள் தீவில் மேடு என்று சொல்லிக்கொள்ள இரண்டுதான் உண்டு. ஒன்று கடல் உள்ளே வராமல் கட்டிய மண்மேடு, கடல் அணை. இன்னொன்று அந்த அணைமேல் மேயும் ஆடுகள் விட்டுப்போனது. இது என் சொந்தச் சரக்கு இல்லை. என் அக்கா நெல்லாவின் கணவர் டிங்கமன் ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது. அவர்கள் சிரிக்கும் முன்னால் அவரே சிரித்துவிடுவார்.

டிங்கமன் சைக்கிள் பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர். எங்கள் பக்கம் பாதைகள் கூடும் இடமெல்லாம் ஒரு எண் பலகை இருக்கும். ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு அம்புக்குறியைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்தப் பலகைகளில் பறவை எச்சத்தைக் கழுவுவது, பள்ளிக்கூடத்துப் பயல்கள் திருப்பிவைத்த அம்பை நேராக்குவது, பாதைக்குள் நீளும் முட்செடியை வெட்டுவது எல்லாம் அவர் வேலை. கைப்பிடியில் ஒரு வாளி தொங்கும். மஞ்சள் மழைச்சட்டையின் பைகளுக்குள் ஒரு பட்டறையே இருக்கும். சம்பளம் கிடையாது. கொடுத்திருந்தால் இவ்வளவு கறாராகச் செய்திருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சுலபமான வழிகளையும் அவரே வரைந்து கொடுத்தார். அதில் நான்காம் வழி அவருடைய செல்லப்பிள்ளை. எங்கள் ஊரில் கிளம்பி, முன்காலத்தில் கடலைத் தடுத்த ஒரு பழைய உள் அணையைத் தாண்டி, கடல் அணையின் அடிவாரத்தை ஒட்டிப் போய், பிறகு வயல்களுக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி திரும்பி, பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் போய் முடியும். கார் சாலையில் போவதைவிட மூன்று மடங்கு தூரம். துண்டுப் பிரசுரத்தில் அவர் எழுதியிருந்தார்: "குழந்தைகளும் முதியவர்களும் போகலாம். ஏற்றம் இல்லை."

"அந்த உள் அணையை என்ன பண்றது?" என்று நான் கேட்டேன்.

"அது ஒரு மூச்சு, கோர்ரி. ஏற்றம்னா பத்து மூச்சாவது வேணும்."

"சரி, காத்து? காத்தைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதா?"

"காத்து வழியில இல்ல, வானத்துல இருக்கு. நான் வழியைத்தான் எழுதறேன்."

அப்படிப்பட்ட மனிதர். நான் ஓட்டுவது பாட்டரி சைக்கிள்; அதை அவர் சைக்கிள் என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "உன் மோட்டார் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். காற்றைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. அவருக்கு அகலமான முதுகு. எதிர்க்காற்று என்றால் அவர் முன்னால் போவார், நெல்லா அந்த முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வருவாள். கல்யாணம் ஆன நாள் முதல் அப்படித்தான். அவள் பார்த்த ஊர் அழகெல்லாம் பாதி அந்த மஞ்சள் சட்டைதான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில், காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே டிங்கமன் போய்விட்டார். கோப்பை உடையக்கூட இல்லை.

அவர் பல வருடங்களாகச் சொல்லிவந்தது ஒன்றுதான். "நெல்லா, என்னைக் காரில் ஏத்தாதே. நாலாம் வழியில சைக்கிள்ல கொண்டுபோ. நீயே மிதி." அவள் ஒவ்வொரு தடவையும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே "சரி" என்பாள். என் அக்கா சரி என்று சொன்னால் அது ஆணி அடித்த மாதிரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவர்கள் இரண்டு பேரும். நான் நடுவில் மாட்டிக்கொண்டு வயசானவள்.

டிங்கமனைப் பிரம்புப் பெட்டியில் முன்னறையில் கிடத்தியிருந்தோம். சவ அடக்க ஏற்பாட்டுக்காரர் ஃப்ளோரிஸ் நகரத்திலிருந்து வந்து சமையலறையில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட பையன், இஸ்திரி போட்ட பேச்சு. அவர்களிடம் சவ சைக்கிள் ஒன்று உண்டு. மூன்று சக்கரம், முன்னால் இரண்டு சக்கரத்துக்கு நடுவே பெட்டி, பின்னால் மிதிப்பவர். எங்கள் நாட்டில் இப்போது அது அப்படியொன்றும் அதிசயமில்லை.

"வழக்கமா எங்க ஆள் மிதிப்பார் மேடம். நீங்கள்லாம் பின்னாடி வரலாம்" என்றார் ஃப்ளோரிஸ்.

"நான் மிதிக்கிறேன்."

"வெறும் வண்டியே கனம் மேடம். அதுல அவரோட கனமும் சேர்ந்தா..."

"அவர் கனம் எனக்குத் தெரியும்" என்றாள் நெல்லா.

ஃப்ளோரிஸ் காது சிவந்து காப்பியைக் குடித்தார். ராட்டர்டாமிலிருந்து வந்திருந்த அவள் மகன் லீவன் மெதுவாக ஆரம்பித்தான். "அம்மா, உனக்கு எழுபது தாண்டியாச்சு. அப்பா ஏதோ பேச்சுக்குச் சொன்னார்."

"உங்கப்பா பேச்சுக்குப் பேசினதை நீ எப்படா பார்த்தே?"

கடைசியில் ஃப்ளோரிஸ் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். வானிலைக்காரர்கள் கணக்கில் காற்றின் பலம் ஐந்தைத் தாண்டினால் கார்தான். நான்காம் வழி தார்ச்சாலையைத் தொடும் ஒரே இடம் அறுபத்திரண்டாம் பலகை. அங்கே கறுப்புக் கார் தயாராக நிற்கும். நெல்லாவால் முடியவில்லை என்றால் அங்கேயே பெட்டியை மாற்றிவிடுவார்கள். அதைத் தாண்டிவிட்டால் தேவாலயம்வரை அந்தப் பாதையில் கார் வர இடமில்லை.

கார் வர இடமில்லாமல் போனதற்கும் டிங்கமன்தான் காரணம். அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அறுபத்திரண்டிலிருந்து வயல்களுக்கு நடுவே போகும் பாதையில் முன்பு விவசாயி இசாக் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வயல்கள் பாதையின் இரண்டு முனையிலும் இருந்தன. டிராக்டர் சக்கரத்திலிருந்து உதிர்ந்த களிமண்ணில் ஒருநாள் மழையில் ஒரு சிறுமியின் சைக்கிள் வழுக்கி, பிள்ளைக்குக் கை முறிந்தது. டிங்கமன் நகராட்சிக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த உட்காரலில் அலுத்துப்போய், பாதை தொடங்கும் இடத்தில் நட்டநடுவே ஒரு சிவப்பு வெள்ளைக் கம்பத்தை நட்டுக் கொடுத்தார்கள். முக்கோணச் சாவியைப் போட்டுத் திருப்பினால் கம்பம் கழன்று வரும். சாவி நகராட்சியில் ஒன்று, டிங்கமனிடம் ஒன்று.

அன்றிலிருந்து இசாக் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகப் பெரிய சாலை வழியாகப் பதினோரு கிலோமீட்டர் சுற்றினார். டிங்கமனுக்குக் "கம்பத்துப் போப்" என்று பெயர் வைத்தார். எங்கள் ஊர் புராட்டஸ்டன்ட் சபையில் ஒருவனைப் போப் என்று சொல்வதைவிடக் கன்னத்தில் அறையலாம். பிரசங்கம் தொடங்கும்போது பெஞ்சு முழுக்கப் பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுருள் கை மாறிப் போகும். அதுவரை டிங்கமன் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் இசாக்கிடம் கொடுப்பார். போப் பட்டம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை சுருள் டிங்கமன் பைக்குள் போனது. அதற்கப்புறம் இசாக்குக்கு ஒன்றுகூட வரவில்லை.

நெல்லாவின் பிடிவாதம் கண்மூடித்தனமானது என்று நினைக்க வேண்டாம். சவ சைக்கிளின் அகலத்தைத் தொலைபேசியில் கேட்டு, பழைய துடைப்பக்கட்டை ஒன்றை அதே நீளத்துக்கு அறுத்தாள். வியாழக்கிழமை நானும் அவளுமாக நான்காம் வழி முழுக்கப் போனோம். ஒவ்வொரு ஆட்டுக் கதவிலும், ஒவ்வொரு சின்னப் பாலத்திலும் இறங்கிக் கட்டையைக் குறுக்கே பிடித்துப் பார்த்தாள்.

"கட்டை நுழைஞ்சா அவரும் நுழைவார்" என்றாள்.

"ஆடெல்லாம் உன்னையே பார்க்குது அக்கா."

"பார்க்கட்டும். நாளைக்கு வழி விடணும்ல."

எல்லா இடத்திலும் கட்டை நுழைந்தது, அந்தக் கம்பத்தைத் தவிர. அங்கே நாலு விரல் அகலம் இடித்தது. நெல்லா கவலைப்படவில்லை. "இதுக்குத்தான் சாவி இருக்கே" என்று கம்பத்தின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை மூடும் முன் லீவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை. "அம்மா, அப்பா பாங்க் மேனேஜர் மாதிரி இருக்கார்" என்றான்.

நெல்லாவும் வந்து பார்த்தாள். "ஆமாம்டா. யாரோ வந்து படுத்திருக்காப்ல இருக்கு."

உடனே மஞ்சள் மழைச்சட்டை வந்தது. மாட்டியதும் எங்களுக்கு நிம்மதி, டிங்கமன் டிங்கமனாகிவிட்டார். பெட்டியை மூடித் தோல் வார்களைக் கட்டினார்கள். பையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வானிலைக்காரர்கள் காற்று நான்கு என்று சொல்லியிருந்தார்கள். மதியம் நாங்கள் வாசலுக்கு வந்தபோது பாப்ளார் மரங்கள் தலைவிரித்து ஆடின. ஃப்ளோரிஸ் கைபேசியைப் பார்த்தார். "ஆறு, மேடம். அஞ்சுக்கு மேலன்னா கார்னு பேசியிருந்தோம்."

நெல்லா ஒரு பெப்பர்மின்டை வாயில் போட்டுக்கொண்டாள். "நம்பர் போட்டது நாமதான் தம்பி. காத்துக்கு அது தெரியாது. அறுபத்திரண்டுல உங்க கார் நிக்குது இல்ல, அதுவரைக்கும் போறேன். அங்க பேசிக்கலாம்."

ஏறி உட்கார்ந்து மிதித்துவிட்டாள். ஊரில் பாதிப் பேர் சைக்கிளில் பின்னால் வந்தார்கள். மணி அடிக்காத, பேசாத அத்தனை சைக்கிள்களை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

உள் அணையின் சரிவு வந்ததும் வண்டி நின்றது. நெல்லா இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். நாலைந்து ஆண்கள் ஓடி வந்தார்கள்.

"கை வைக்காதீங்க" என்றாள்.

"நெல்லா, சும்மா ஒரு கை கொடுக்கிறோம்."

"நீங்க தள்ளினா நான் கூட்டிட்டுப் போனதா ஆகாது. தள்ளி நில்லுங்க."

நாலு அடி தள்ளுவாள், கை பிரேக்கைப் பிடித்து நிற்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடி நாலு அடி. லீவன் கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். வெளியே விட்டால் தள்ளிவிடுவோமோ என்ற பயம் அவனுக்கு. ஒரு மூச்சு என்று சொன்னவர் பெட்டிக்குள் இருந்தார். அது ஒரு மூச்சு இல்லை, சத்தியமாக இல்லை. உச்சிக்கு வந்ததும் அவள் பெட்டியைப் பார்த்து, "பிரசுரத்தை மாத்தணும்" என்றாள்.

அதன்பின் கடல் அணை எங்களுக்கு மறைப்பாக இருந்ததால் நன்றாகவே போனோம். ஆடுகள் வழிவிட்டன. நெல்லாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

அறுபத்திரண்டில் அணை ஒருபக்கம் விலகிப் போக, காற்று முகத்தில் அடித்தது. தார்ச்சாலை ஓரம் கறுப்புக் கார் நின்றது. அதற்குப் பின்னால் இசாக்கின் டிராக்டர், வைக்கோல் கட்டுகள் அடுக்கிய வண்டியை இழுத்துக்கொண்டு, ஊர்வலம் கடக்கட்டும் என்று நின்றிருந்தது. இசாக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சவத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற மனிதர்தான்; உயிரோடு இருந்தவருக்குத்தான் கொடுக்கவில்லை. எதிரே கம்பம். கம்பத்துக்கு அப்பால் நேரான பாதை, அதன் கடைசியில் தேவாலயத்துக் கூர்கோபுரம்.

நெல்லா இறங்கிக் கோட்டுப் பைக்குள் கை விட்டாள். பிறகு இன்னொரு பைக்குள். பிறகு அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"சாவி எங்கக்கா?" என்றேன்.

"அவர் சட்டைப் பையில."

"எந்தச் சட்டை?" என்று கேட்டு முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம். துடைப்பக்கட்டையெல்லாம் அறுத்து அளந்தவள், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாகச் சாவியையும் சேர்த்து வைத்து மூடிவிட்டாள். கம்பத்தை நட்டவரையே கம்பம் மறித்தது. நகராட்சியோ வெள்ளிக்கிழமை மதியத்தோடு கதவைச் சாத்திவிடும்.

ஃப்ளோரிஸ் பக்கத்தில் வந்து, "மேடம், கார் இங்கேயே இருக்கு. நீங்க ரொம்ப தூரம் வந்துட்டீங்க. யாரும் குறை சொல்லமாட்டாங்க" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"போதும்மா" என்றான் லீவன்.

நெல்லா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்த்தாள். "கோர்ரி, இந்தப் பாதையில அவர் எனக்கு முன்னாடி போகாத நாளே இல்ல. இன்னிக்கும் முன்னாடிதான் இருக்கார். ஆனா காத்தை மறைக்கல" என்றாள்.

அந்த நிமிஷம் காரில் ஏற்றிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. வாயைத் திறந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் குனிந்து பெட்டியின் தோல் வாரை அவிழ்த்தாள்.

"மேடம், மூடினதைத் திறக்கிற வழக்கம்..." என்று ஃப்ளோரிஸ் பதறினார்.

"என் புருஷன் பையில நான் கை விடறதுக்கு யாரு தம்பி வழக்கம் சொல்றது? துணி துவைக்கும்போதெல்லாம் இதைத்தான் பண்ணிட்டிருந்தேன்."

மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கி, பார்க்காமல், உள்ளே கை விட்டுத் துழாவினாள். முதலில் வந்தது ஒரு கம்பிச் சுருள். அப்புறம் ஈரப் பஞ்சு. "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஈரத்தைப் பையில வைக்காதீங்கன்னு" என்று முணுமுணுத்தாள். அப்புறம் பாதி தின்ற பெப்பர்மின்ட் சுருள். கடைசியில் சாவி. மற்றதையெல்லாம் திரும்ப உள்ளே வைத்தாள். பெப்பர்மின்ட் சுருளை மட்டும் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

லீவன் கம்பத்தைக் கழற்றிப் புல்லில் கிடத்தினான். நெல்லா ஏறி மிதித்தாள். வண்டி நாலைந்து சுற்று உருண்டது. காற்று பெட்டியில் மோதி அதை நிறுத்தியது. அவள் எழுந்து நின்று, முழு உடம்பையும் மிதியில் கொடுத்தாள். சக்கரம் அசையவில்லை. மறுபடி எழுந்தாள். மறுபடி. நாங்கள் சைக்கிள்களோடு முன்னால் போய் மறைக்கப் பார்த்தோம். நானும் என் பாட்டரியும் சேர்ந்து புல்லில் விழுந்ததுதான் மிச்சம்.

அப்போது இசாக் வந்தார். தொப்பி இன்னும் கையில்தான்.

"நெல்லா, நான் டிராக்டரை முன்னாடி விடறேன். வைக்கோல் உயரமா இருக்கு, காத்து உன்மேல படாது. நீ பின்னாடியே வா."

"இந்தப் பாதையில டிராக்டர் வரக் கூடாது" என்றாள் நெல்லா. மூச்சே வரவில்லை, ஆனால் அந்த வார்த்தை வந்தது.

"தெரியும். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"அவர் என்ன சொல்லுவார்?"

"திட்டுவான். இத்தனை வருஷம் திட்டினான், இன்னிக்கும் திட்டிட்டுப் போகட்டும். நீ அங்க போய்ச் சேரணுமா வேண்டாமா?"

நெல்லா பெட்டியைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள். "தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, கயிறு கட்டக் கூடாது. காத்தை மட்டும் மறைக்கணும்" என்றாள்.

"காத்தை மட்டும்."

"சக்கரத்துல மண்ணு இருக்கா?"

இசாக் போய்ச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குச்சியை எடுத்து, சக்கர இடுக்கிலிருந்து களிமண்ணைச் சுரண்டினார். ஒவ்வொரு சக்கரமாக. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது என்பது வேறு விஷயம். சவத்துக்கு முன்னால் வாகனம் போகும் முறை கிடையாது என்று ஃப்ளோரிஸ் சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

நெல்லா வண்டியை ஓரமாக ஒதுக்கிக்கொள்ள, கம்பம் நட்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாக டிராக்டர் அந்தப் பாதைக்குள் நுழைந்தது. அதன்பின் சவ சைக்கிள், அதன்பின் நாங்கள். எல்லோரும் உள்ளே வந்ததும் நெல்லா பிரேக்கைப் பிடித்தாள்.

"இசாக், இறங்கி வா."

அவர் வந்தார்.

"கம்பத்தை எடுத்து வை."

"வெச்சா..." என்று ஆரம்பித்த இசாக், டிராக்டரையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் தேவாலயத்தில் போய் முட்டும் பாதை, இந்தப் பக்கம் கம்பம். "நெல்லா, நான் எப்படித் திரும்பி வர்றது?"

"பெரிய ரோட்டு வழியா."

"பதினோரு கிலோமீட்டர்."

"தெரியும். அவர் அளந்து சொல்லியிருக்கார்."

இசாக் கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். கோபப்படவும் அவருக்கு நியாயம் இருந்தது. உதவிக்கு வந்தவரை இப்படியா செய்வது என்று எனக்கே அக்காமேல் எரிச்சல்தான். அவரோ புல்லில் கிடந்த கம்பத்தைத் தூக்கி வந்து குழிக்குள் இறக்கினார். அது கோணலாக உட்கார்ந்தது. எடுத்து, குழிக்குள் விழுந்திருந்த மண்ணைக் கையாலேயே அள்ளி வெளியே போட்டுவிட்டு, மறுபடி நேராக இறக்கினார். நெல்லா சாவியை நீட்டினாள். அவரே திருப்பிப் பூட்டினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லா இருக்கு" என்று அவளிடம் சாவியைக் கொடுத்தார்.

அதன்பின் போனோம். டிராக்டர் நடை வேகத்தில் முன்னால் உறுமிக்கொண்டு போக, வைக்கோல் அடுக்குக்குப் பின்னால் நெல்லா தலையைக் குனிந்து மிதித்தாள். பழைய பழக்கம். அந்த முதுகுக்குப் பின்னால் எப்படிக் குனிந்து வருவாளோ அப்படியே. சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். பாதி வழியில் அவள் அழுதுகொண்டே மிதித்தாள், ஆனால் நிற்கவில்லை. வைக்கோல் துணுக்குகள் பறந்து பிரம்புப் பெட்டியில் ஒட்டின. யாரும் தட்டிவிடவில்லை.

தேவாலய வாசலில் அவள் இறங்கியபோது கால் மடங்கியது. இப்போது லீவன் பிடித்துக்கொண்டான், அவளும் தடுக்கவில்லை. கறுப்புக் கார் பெரிய சாலை வழியாகச் சுற்றி, எங்களுக்கு முன்பே வந்து காலியாக நின்றது.

குழிக்குள் இறக்கும் முன் நெல்லா மறுபடி தோல் வாரை அவிழ்த்தாள். ஃப்ளோரிஸ் இந்தத் தடவை தானே மூடியைப் பிடித்துக்கொடுத்தார். அவள் உள்ளே கை விட்டு, முக்கோணச் சாவியை அதே பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டாள்.

"பூட்டியாச்சு" என்று அவரிடம் சொன்னாள்.

சாவியையே பார்த்துக்கொண்டு இசாக் எதிரே நின்றிருந்தார். அவருக்கு அது கிடைத்திருக்கலாம் என்று அங்கே இருந்த பலர் நினைத்திருப்பார்கள். நானும் நினைத்தேன். நெல்லா நினைக்கவில்லை.

மண் போட்டு முடிந்து எல்லோரும் காப்பிக்கும் கேக்குக்கும் நகர்ந்தபோது, அவள் இசாக்கிடம் போனாள். கோட்டுப் பையிலிருந்து பாதி தின்ற பெப்பர்மின்ட் சுருளை எடுத்து, காகிதத்தைக் கிழித்து நீட்டினாள். "எடுத்துக்கோ. அவர் பையில இருந்தது."

இசாக் தன் மண்ணுக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்தார். வாயில் போட்டுக்கொண்டார். பிறகு டிராக்டரில் ஏறி, பெரிய சாலைப் பக்கம் திருப்பினார். ஏறும்போது என்னிடம்தான் சொன்னார். தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டிருந்ததால் கண் தெரியவில்லை.

"செத்தும் என்னைச் சுத்த விடறான் பாரு, கோர்ரி. போப்."